கோஹிபா: உள்ளே இழுக்காத புகை

"டாக்டர், நான் சிகரெட்டைத் தொடுவதே இல்லை. எப்போதாவது சுருட்டு மட்டும்தான். அதிலும் புகையை உள்ளே இழுப்பதில்லை."

சொன்னவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏற்றுமதித் தொழில் செய்பவர். கடைவாய்ப் பல் கூசுகிறது என்று வந்திருந்தார். பல்லைப் பார்க்கத்தான் வாயைத் திறக்கச் சொன்னேன். கண் போய் நின்றது மேலண்ணத்தில். நீர் வற்றிய குளத்தடிபோல வெளுத்துக் கோடு விட்டிருந்தது. அந்த வெளுப்பின் நடுவே ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். அண்ணத்தில் இருக்கும் சின்ன உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் சூட்டில் வீங்கிப்போனால் இப்படித் தெரியும். நிக்கோட்டின் ஸ்டோமடைட்டிஸ் என்பது இதன் பெயர். சுருட்டும் பைப்பும் பிடிக்கிறவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

எந்தச் சுருட்டு என்று கேட்டேன். "கோஹிபா" என்றார். வாய் மரத்துப் போகாமலிருந்தால் இன்னும் கம்பீரமாகச் சொல்லியிருப்பார். நான் தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டதும் விளக்கத் தொடங்கினார். கியூபத் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவுக்காகவே உருவானது, முழுக்கக் கையால் செய்வது, மருந்து மாயம் எதுவும் கலக்காதது, வெறும் இலை. அவருடைய தாத்தா பிடித்த உறையூர்ச் சுருட்டுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரமாம்.

அவர் சொன்ன வரலாறு பெரும்பாலும் சரி. அந்த வரலாற்றிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஆறுதல்தான் தவறு. இதே ஆறுதலோடு ஆண்டுக்கு நாலைந்து பேராவது என் நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பதால் அந்தக் கதையை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

1960 செப்டம்பரில் கியூபாவின் புரட்சி அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை நாட்டுடைமை ஆக்கியது. பழைய முதலாளிக் குடும்பங்கள் பல வெளிநாடு போய், அங்கே தங்கள் பழைய பெயர்களிலேயே தொழில் தொடங்கின. 1962 பிப்ரவரியில் அமெரிக்காவின் வணிகத் தடை வந்தது. அதில் கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள் மாலை, ஜனாதிபதி கென்னடி தம் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, தமக்குப் பிடித்த கியூபச் சுருட்டில் ஆயிரம் வேண்டும் என்றாராம். மறுநாள் காலை சாலிஞ்சர் 1,200 கிடைத்தது என்று சொன்ன பிறகுதான் மேசை இழுப்பறையிலிருந்து ஆணையை எடுத்துக் கையெழுத்திட்டாராம். இதைப் பிற்பாடு எழுதியவர் சாலிஞ்சரே. புகையிலை ஒரு மனிதரை எந்த அளவுக்குப் பிடித்து வைக்கும் என்பதற்கு என் மாணவர்களிடம் நான் சொல்லும் கதை இது.

கோஹிபாவுக்கு அப்படிப்பட்ட பழைய முதலாளி யாரும் இல்லை. அது புரட்சிக்குப் பிறகு பிறந்த பிள்ளை. காஸ்ட்ரோவின் மெய்க்காவலர்களில் ஒருவர் பியன்வெனிடோ பெரெஸ். 'சிச்சோ' என்று அழைப்பார்கள். அவர் பிடித்துக்கொண்டிருந்த பெயரில்லாத சுருட்டின் மணம் காஸ்ட்ரோவை இழுத்தது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், எடுவார்டோ ரிவேரா என்ற சுருட்டுத் தொழிலாளி தன் சொந்தக் கலவையில் செய்து நண்பர்களுக்குக் கொடுப்பது என்று தெரிந்தது. ரிவேராவை வைத்தே ஹவானாவின் புறநகரில் எல் லகிட்டோ என்ற பழைய மாளிகையில் பட்டறை அமைந்தது. சுருட்டும் வேலை அதுவரை பெரும்பாலும் ஆண்கள் கையில் இருந்தது. எல் லகிட்டோவில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். 1966இல் கோஹிபா என்ற பெயர் வந்தது. முதல் பதினைந்து பதினாறு ஆண்டுகள் கடையில் காசு கொடுத்து வாங்க முடியாது. வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் போகும் அன்பளிப்பாகவே இருந்தது. 1982இல்தான் உலகச் சந்தைக்கு வந்தது. கிடைக்காத பொருளுக்கு ஏறும் மதிப்பு அதற்கும் ஏறியது.

பெயரையும் கவனியுங்கள். கியூபாவின் பூர்வகுடிகளான தைனோ மக்களின் சொல் அது. அவர்கள் சுருட்டிப் புகைத்த இலைக்கட்டைக் குறிக்கும். 1492 நவம்பரில் கொலம்பஸ் உள்நாட்டுக்குள் அனுப்பிய லூயிஸ் டி டோரஸ், ரோட்ரிகோ டி ஹெரெஸ் இருவரும்தான் அந்தப் புகையைப் பார்த்து வந்து சொன்ன முதல் ஐரோப்பியர்கள். அந்த நினைவாகவே 1992இல் கோஹிபா '1492 வரிசை' என்று ஒன்றை வெளியிட்டது. தைனோ சமூகம் நோயாலும் கொடுமையாலும் சில பத்தாண்டுகளில் நிலைகுலைந்து போனது. அவர்களுடைய சொல் மட்டும் சுருட்டின் காகிதப் பட்டையில் பிழைத்திருக்கிறது.

அதைவிட என்னை உறுத்துவது 2010இல் வந்த இவர்களின் மிக விலையுயர்ந்த வரிசையின் பெயர்: பெஹிகே. தைனோ மொழியில் பூசாரி வைத்தியர் என்று பொருள். வைத்தியர் பெயரை வைத்த சுருட்டால் இன்னொரு வைத்தியனுக்கு வேலை வருகிறது.

சரி, 'வெறும் இலை' என்ற வாதத்துக்கு வருவோம். மேற்குக் கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில், வுவெல்டா அபாஹோ பகுதியின் தேர்ந்த வயல்களிலிருந்து வருகிறது இலை. மேலுறை இலையை வெயில் படாமல் துணிப் பந்தலுக்கு அடியில் வளர்க்கிறார்கள். அறுத்த இலையைக் கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்துகிறார்கள். பிறகு குவித்து வைத்து நொதித்து ஊற விடுகிறார்கள். குவியல் தானே சூடாகி, இலையின் நிறமும் மணமும் மாறுகின்றன. மற்றச் சுருட்டுகளுக்கு இரண்டு முறை நடக்கும் இந்த ஊறல், கோஹிபாவின் உள்ளிலைகள் சிலவற்றுக்கு மூன்றாம் முறையும் மரப் பீப்பாய்களில் நடக்கிறது. புகை தொண்டையைக் கீறாமல் வழுவழுவென்று இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று ரசிகர்கள் சொல்வார்கள். என் நோயாளியும் சொன்னார்.

வேதியியல் சொல்வது வேறு. புகையிலை ஊறும்போது நைட்ரோசமைன் என்ற சேர்மங்கள் மிகுதியாக உருவாகின்றன, புற்றுநோய் உண்டாக்குபவை. யாரும் கலக்க வேண்டியதில்லை. இலையே தனக்குள் செய்துகொள்கிறது. இரண்டாவது, இப்படி உலர்ந்து ஊறிய இலையின் புகை காரத்தன்மை கொண்டது. சிகரெட் புகை அமிலத்தன்மை கொண்டது. அதன் நிக்கோட்டின் நுரையீரலுக்குள் போனால்தான் நன்றாக ரத்தத்தில் சேரும். சுருட்டின் நிக்கோட்டினுக்கு அந்தப் பயணம் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத் தோல் வழியே, நாக்கின் அடி வழியே நேராக உள்ளே போகிறது. 'உள்ளே இழுப்பதில்லை' என்று சொல்கிறவர், நுரையீரலுக்குப் போக வேண்டியதை வாய்க்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

அளவையும் பாருங்கள். ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை. ஒன்றைப் பிடித்து முடிக்க ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மேலுறை இலையில் காற்று அதிகம் புகாது என்பதால் எரிவதும் அரைகுறை. கார்பன் மோனாக்சைடும் தாரும் கூடுகின்றன. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று நான்கு இடப் புற்றுநோய்களோடும் சுருட்டுக்குள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. பற்றவைக்காமல் வாயில் கவ்விக்கொண்டே இருந்தாலும் சாறு இறங்கும்.

இத்தனைக்கும், யாருக்காகப் பிறந்ததோ அந்த காஸ்ட்ரோவே 1985இல் சுருட்டை விட்டுவிட்டார். நாட்டில் புகைபிடிப்பதற்கு எதிராகப் பிரசாரம் நடத்தும்போது தான் வாயில் சுருட்டோடு நிற்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். சுவரில் மாட்டுகிற படங்களில் மட்டும் அவர் இன்னும் புகைத்துக்கொண்டிருக்கிறார். என் நோயாளிக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்தார்.

2022இல் கோஹிபாவின் விலையை உலகெங்கும் ஹாங்காங் சந்தை விலைக்கு இணையாக உயர்த்தினார்கள். விலை ஏற ஏறப் போலியும் பெருகியது. உலகில் அதிகம் போலி செய்யப்படும் சுருட்டுகளில் இதுவும் ஒன்று; ஹவானாத் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளிடம் 'தொழிற்சாலையிலிருந்து வந்தது' என்று ரகசியக் குரலில் விற்பார்கள். அசலா போலியா என்று பட்டையை உருப்பெருக்கியில் பார்த்துச் சோதிக்கும் ஆர்வலர்களை நான் அறிவேன். அந்த உருப்பெருக்கியை ஒருநாளாவது தங்கள் வாய்க்குள் காட்டியிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை.

கண்ணாடி முன் நல்ல வெளிச்சத்தில் நின்று பாருங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியையும் வாயின் தரையையும், நாக்கை இழுத்து இரு ஓரங்களையும், பிறகு கன்னத்தின் உட்புறத்தையும் அண்ணத்தையும். துடைத்தும் போகாத வெண்படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாத மரமரப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி இல்லையே என்று காத்திருக்காதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. புகையிலையை விட உதவி வேண்டுவோர்க்கு 1800112356 என்ற இலவசத் தேசிய எண் இருக்கிறது. சுருட்டு பிடிப்பவர்கள் 'அது பீடி, சிகரெட்காரர்களுக்கு' என்று அழைக்கத் தயங்குவார்கள்.

அவர் கதையை முடித்துவிடுகிறேன். அன்று பார்த்தபோது அண்ணத்தைத் தவிர, நாக்கின் அடியில் இடப்பக்கம் சுண்டுவிரல் நகமளவு வெண்படலமும் இருந்தது. சுருட்டை வைத்துக்கொள்ளும் பக்கம் அதுதான். அதிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். லேசான உயிரணு மாற்றம் என்று அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் கண் வைக்க வேண்டிய மாற்றம். சுருட்டை அன்றே நிறுத்தியதாகச் சொன்னார். ஆறு வாரம் கழித்து வந்தபோது அண்ணம் கிட்டத்தட்டப் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. நிறுத்தினால் அது திரும்பிவிடும். நாக்கின் அடியில் இருந்த படலம் கொஞ்சம் சுருங்கியிருந்தது, போகவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை தீபாவளிக்கு அடுத்த வாரம்.