எப்பவாச்சும்தான் திணறுது: கிளம்பும்போது இழுக்காத டூரிங் பைக்

"அண்ணே, சில நேரம் கிளம்பும்போது வண்டி இழுக்க மாட்டேங்குது. இப்ப பாத்தா நல்லாத்தான் இருக்கு."

பட்டறைக்கு வரும் டூரிங் பைக்குகளில் அதிகம் காசு கரைய வைக்கும் புகார் இது. ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ப்ளக்கை மாற்று, ஏர் ஃபில்டரை மாற்று, பம்பை மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். எப்போதாவதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் லாரி தூரத்தில் வருகிறது, அதற்குள் குறுக்கே போய்விடலாம் என்று முறுக்கும்போது வண்டி இரண்டு நொடி முக்கினால் போதும்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: திணறும்போது இன்ஜின் சத்தம் ஏறுகிறதா, இல்லையா? இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தீர்களா? இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதில் அர்த்தமில்லை.

சத்தம் ஏறி வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டாப் கியரில் 50 வேகத்தில் போகும்போது, காலியான ரோட்டில், சட்டென்று முறுக்கிப் பாருங்கள். முள் தாவி, வேகம் அப்படியே நின்றால் சந்தேகமே வேண்டாம். உடனே பிளேட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கிளட்ச் லீவரில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் விறைப்பாக இருந்தால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகத்தான் பிடிக்கும். அடுத்தது ஆயில். காருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது என்று பைக்கில் ஊற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயில் அதற்கு ஆகாது. டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஆகும் ஆயில் என்பதற்கான தரக்குறி, ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சத்தமும் ஏறாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் பிரேக்கைப் பாருங்கள். கால் வசதிக்காகப் பிரேக் பெடலின் உயரத்தைத் திருகி மாற்றியிருப்பார்கள், தளர்வே இருக்காது. டிஸ்க் சூடாகச் சூடாக பிரேக் ஆயில் விரிந்து, திரும்பிப் போக வழியில்லாமல் பேடை அழுத்திக்கொண்டே இருக்கும். டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் ஆறிவிடும், வண்டியும் சரியாகிவிடும். கோளாறு வந்து வந்து போவதற்கு இது ஒன்றே போதும். திணறும் நேரத்திலேயே ஓரம் கட்டி, நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

பிரேக்கில் பிடிப்பு இல்லை, முறுக்கினாலும் இன்ஜின் எழவில்லை என்றால் பெட்ரோல், காற்று, கரண்ட் மூன்றில் ஒன்று. நம் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது டேங்க் மூடியை.

திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்த ஒரு தம்பியின் வண்டி. காலையில் பிரமாதமாக ஓடியிருக்கிறது. திருவாரூர் தாண்டியதும் நின்று கிளம்பும் இடத்திலெல்லாம் முக்கல். பெட்ரோல் போட மூடியைத் திறந்தால் சரியாகிவிடுகிறது, கொஞ்ச தூரத்தில் மறுபடியும் வருகிறது. பங்க்கில் பெட்ரோல் சரியில்லை என்று சத்தியம் செய்தார். டேங்க்கிலிருந்து கீழே இறங்கும் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். நுனியில் விரல் நகம் அளவுக்குக் காய்ந்த களிமண். உடைத்தால் உள்ளே சிலந்திக் குஞ்சுகள். குளவி தன் புழுவுக்குத் தீனியாக அவற்றை அடைத்து வைத்துக் கூடு கட்டியிருக்கிறது. வயல் ஓரத்துக் கொட்டகையில் வண்டி சும்மா நின்றால் குளவிக்குச் சின்ன ஓட்டை என்றால் விருந்துதான். பெட்ரோல் குறையும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் டேங்க்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கத் திண்டாடும்.

சோதிப்பது சுலபம். திணறும்போது வண்டியை அணைத்து, மூடியைத் திறக்கையில் ஒரு காகிதத் துண்டை அருகில் பிடியுங்கள். காகிதம் உள்ளே இழுத்தால் குழாய் அடைப்பு. வெளியே ஊதினால் வெயிலில் கிளம்பிய ஆவியாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இன்னொரு சின்ன ஓட்டை உண்டு, மழைத் தண்ணீர் வடிய. தை, மாசி அறுவடையில் பறக்கும் வைக்கோல் தூசி அதில் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி மெல்ல டேங்க்குக்குள் இறங்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தால் இரண்டு அடுக்காகத் தெரியும்.

அப்புறம், கழுத்து வரை பெட்ரோல் நிரப்பும் பழக்கம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 புகை விதிப்படி செய்த வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்க ஒரு கரி டப்பா இருக்கிறது. வழிய வழிய ஊற்றினால் பெட்ரோலே அதற்குள் போய்விடும். ஃபுல் டேங்க் அடித்த அன்று மட்டும் திணறி, கொஞ்ச தூரம் ஓடியதும் தெளிகிறதா? இதுதான்.

ஏர் ஃபில்டரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அறுவடைக் காலத்தில் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே பாருங்கள், அவ்வளவுதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் நான் தேடுவது வேறு: உப்புக் காற்றில் பச்சை பூத்த கனெக்டர்கள். சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு ஏறினாலும் குழியில் இறங்கும்போது இன்ஜின் ஒரு கணம் விட்டுப் பிடிக்கும். இரண்டையும் துடைத்துப் பார்க்காமல் சென்சார் வாங்காதீர்கள்.

பட்டறைக்கு வருமுன் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு வருகிறார்கள் சிலர். யூடியூபில் சொன்னார்களாம். பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீடு அதோடு அழிந்துவிடும்; ஸ்கேனர் போட்டாலும் ஒன்றும் கிடைக்காது. வண்டியை அப்படியே கொண்டுவாருங்கள். திணறியபோது இன்ஜின் சூடாக இருந்ததா, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, முள் எங்கே நின்றது என்பதை மட்டும் போனில் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.