உடம்பு முதலில் சொல்லிவிடும்

குழந்தை தரையில் விழுந்து கத்தும்போது என்ன செய்வது என்பதுதான் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. அந்த நேரத்தில் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். செய்ய வேண்டியதில் பெரும்பகுதி அதற்கு முன்பே இருக்கிறது.

அடமும், குழந்தை தன் கட்டுப்பாட்டை இழந்து கொந்தளிக்கும் மெல்ட்டவுனும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அடம் பிடிக்கும் குழந்தை பெரும்பாலும் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழும். கேட்டது கிடைத்ததும் ஓய்ந்துவிடும். மெல்ட்டவுன் அப்படி ஓயாது. இரைச்சல், வெளிச்சம், தூக்கக் குறைவு, சொல்லாமல் மாற்றிய திட்டம் எல்லாம் சேர்ந்து குழந்தையின் தாங்குசக்தியைத் தாண்டிய நிலை அது. மிரட்டலும் ஆசை காட்டுவதும் அங்கே எடுபடாது.

பசி, சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது போன்ற உடலின் உள் உணர்வுகளைப் பிரித்தறிவது இந்தக் குழந்தைகளில் பலருக்குக் கடினம். அதனாலும் "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. ஆனால் உடம்பு முன்கூட்டியே காட்டும்: காதைப் பொத்துவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, நடை வேகமாவது, திடீரென்று மௌனமாகிவிடுவது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். மெல்ட்டவுன் எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் என்னென்ன நடந்தன, கடைசியாக எப்போது சாப்பிட்டது, முந்தைய இரவு எப்படித் தூங்கியது, பிறகு எப்படி அடங்கியது. 'திடீரென்று வந்தது' என்று நினைத்தவற்றில் பலவும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி வந்திருப்பது தெரியும். பள்ளி விட்டு வந்த முதல் அரைமணி நேரம் பல வீடுகளில் அப்படிப்பட்டது. நாள் முழுக்க அடக்கி வைத்தது வீட்டில்தான் வெளியே வரும். அப்போது கேள்வியும் வேண்டாம், வீட்டுப்பாடமும் வேண்டாம்.

அமைதி மூலை ஒன்று அமையுங்கள்: மங்கிய வெளிச்சம், சாய்ந்துகொள்ள இரண்டு தலையணை, காதை மூடும் ஹெட்போன், கையில் பிசைய ஏதாவது. அமைதியாக இருக்கும் நாளிலேயே தினமும் இரண்டு மூன்று நிமிடம் அங்கே சேர்ந்து உட்கார்ந்து பழக்குங்கள். "போய் மூலையில் உட்கார்" என்று ஒருமுறை தண்டனையாக அனுப்பினாலும் அந்த இடம் கெட்டுப்போகும். எடை கூடிய போர்வை வாங்குவதானால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) கேட்டுவிட்டு வாங்குங்கள்; குழந்தை தானாக விலக்கிக்கொள்ள முடியாத எடை ஆபத்து.

மெல்ட்டவுன் வந்தேவிட்டால் ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் இரண்டு மூன்று சொல்: "நான் இங்கதான் இருக்கேன்." டிவியையும் விளக்கையும் அணையுங்கள், மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். தலையை இடித்துக்கொண்டால் இடையில் தலையணை வையுங்கள். குழந்தை விரும்பினால் ஒழியக் கட்டிப்பிடிக்காதீர்கள். அழுகை நின்றதும் புத்தி சொல்லத் தொடங்குவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. உடம்பின் பதற்றம் இன்னும் இறங்கியிருக்காது, மறுபடி பற்றிக்கொள்ளும்.

வழக்கத்துக்கு மாறாக மெல்ட்டவுன்கள் திடீரென்று கூடினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை இப்படித்தான் காட்டும்.

பேச்சு வராத குழந்தைக்கும், பதற்றத்தில் பேச்சு நின்றுவிடும் குழந்தைக்கும் 'போதும்' என்று ஒரு படஅட்டை கொடுங்கள். அட்டையை நீட்டியதும் செய்துகொண்டிருப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள், முதல் சில வாரங்கள் ஒவ்வொரு முறையும். "எல்லாவற்றுக்கும் நீட்டித் தப்பிக்கப் பார்ப்பானே?" என்று கேட்பீர்கள். தொடக்கத்தில் நீட்டத்தான் செய்வான், நீட்டட்டும். கத்தாமலே கேட்டால் கிடைக்கும் என்று அவன் நம்பிய பிறகுதான் "இன்னும் ஒண்ணு, அப்புறம் போதும்" என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்க முடியும்.