கடைச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்: சட்டம் தரும் உரிமையும் புகார் செய்யும் முறையும்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ராத்திரி பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து வயிற்றைக் கலக்கினால், "சாப்பிட்டது ஒத்துக்கல" என்று சொல்லி, ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். மறுநாளும் அடங்காவிட்டால் பக்கத்து டாக்டரிடம் ஓர் ஊசி. அத்தோடு விஷயம் முடிந்தது. எந்தச் சால்னா அப்படிச் செய்ததோ, அதே சால்னா மறுநாள் சாயங்காலம் வேறொருவர் இலையில் விழுகிறது. புகார் செய்யலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் "ஒரு தட்டு பரோட்டாவுக்குப் போய் யார் அலைவார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டியது அவ்வளவு இல்லை. கெட்டுப்போன சாப்பாட்டால் உடம்பு பாதிக்கப்பட்டால் நஷ்ட ஈடு வரைக்கும் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் பெயர் உணவு பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006. 2011 ஆகஸ்ட் 5 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் இருந்தது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். மிளகாய்த்தூளில் செங்கல் பொடி, பாலில் தண்ணீர் என்று கலப்படத்தைப் பிடிக்கவே அது முக்கியமாக எழுதப்பட்டது. புதிய சட்டம் "பாதுகாப்பற்ற உணவு" என்ற பெரிய வட்டத்தைப் போட்டது. யாரும் எதையும் கலக்காமலே, நல்ல அரிசி, நல்ல கறி, நல்ல எண்ணெய் போட்டுச் செய்த சாப்பாடும் கிருமி பெருகிவிட்டால் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். கலப்படத்தைப் பற்றி நாம் பேசும் அளவுக்குக் கிருமியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தையே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியது கிருமிதான்.

சட்டத்துக்குள் யார் யார் வருகிறார்கள் என்பதில் ஒரு தவறான எண்ணம் உண்டு. பெரிய ஓட்டல், பேக்கரி மட்டும்தான் என்று நினைக்கிறோம். லாபத்துக்கு நடந்தாலும் சரி, இலவசமாக நடந்தாலும் சரி, உணவைத் தயாரித்து வழங்குவது எதுவும் உணவுத் தொழில் என்றுதான் சட்டம் சொல்கிறது. தள்ளுவண்டி, மெஸ், சமையல் காண்டிராக்ட், கோயில் அன்னதானம் எல்லாம் இதில் அடக்கம். சமய, சமூகக் கூட்டங்களில் சாப்பாடு வழங்குபவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2011-இல் வந்த உரிம விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதாவது சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரித்து ஊர்ச்சோறு போடும் வரிதாரர் கமிட்டியும் இதற்கு வெளியே இல்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் சமைக்கும் இடத்தில்தான் ஒரு சின்னக் கவனக்குறைவு ஐந்நூறு வயிற்றைப் பாதிக்கும். விவசாயிக்கும் மீனவருக்கும் மட்டும் சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. உவரியில் வலையிலிருந்து மீனை இறக்குகிறவர் சட்டத்துக்கு வெளியே. அதை வாங்கிப் பாளையங்கோட்டையில் கடை போட்டு விற்கிறவர் உள்ளே.

கடைக்காரர் என்ன வைத்திருக்க வேண்டும்? சின்ன வியாபாரி என்றால் பதிவுச் சான்று, பெரிய கடை என்றால் உரிமம். இரண்டிலும் 14 இலக்க எண் இருக்கும். 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் பதிவு. 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும். பில்லைக் கசக்கி எறியாமல் ஒரு தடவை பாருங்கள். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகை நோய்களுக்குத் தடுப்பூசி, சமையலுக்குக் குடிக்கத் தகுந்த தண்ணீர் ஆகியவையும் நிபந்தனைகள். பொட்டலம் கட்டாத இனிப்புகளின் தட்டில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். நம்ம ஊர் அல்வா சர்க்கரையும் நெய்யும் மிகுந்தது. கிருமிக்கு வேண்டிய ஈரம் அதில் கிடைக்காது என்பதால் வெளியில் வைத்தாலும் சில நாள் தாங்கும். அதே தட்டு வரிசையில் இருக்கும் பால் இனிப்பு அப்படித் தாங்காது. அந்தத் தேதிச் சீட்டு முக்கியமாக அதற்குத்தான்.

இப்போது கிருமியின் கதைக்கு வருவோம். புகார் செய்யும்போது இது தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கிருமிக்குச் சுகமான சூடு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. அதனால்தான் சூடான உணவை 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்குக் கீழும் வைக்கச் சொல்கிறார்கள். நம்ம ஊர் வெயிலில் மேசை மேல் இருக்கும் பாத்திரம் சரியாக நடுவில் மாட்டிக்கொள்கிறது. நல்ல சூழல் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று ஏழு மணி நேரத்துக்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி சாயங்காலத் தோசைக்கு வருகிற இடைவெளி அதைவிடப் பெரியது.

"திரும்பக் கொதிக்க வைத்துவிட்டோமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சமாதானம். சால்மொனெல்லா போன்றவை நன்றாகக் கொதித்தால் செத்துப்போகும், உண்மைதான். ஆனால் சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் வித்து வடிவத்தில் கொதியையும் தாங்கி நிற்கும். சோறு ஆறியதும் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சை மறுபடி சூடுபடுத்துவது அழிக்காது. கையில் புண் இருப்பவர் பிசைந்த மாவிலும் பிய்த்துப்போட்ட கோழியிலும் ஏறும் ஸ்டேபிலோகாக்கஸ் விடும் நஞ்சும் அப்படித்தான். மதியம் மிஞ்சிய சோற்றைக் குஸ்காவாகவோ பிரைடு ரைஸாகவோ மாற்றும் கடைகளில் இதுதான் ஆபத்து. மணமும் ருசியும் மாறியிருக்காது. (தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு வேறு. அதில் புளிப்பேற்றும் பாக்டீரியா முந்திக்கொண்டு மற்றவற்றை ஓரளவு அடக்கி வைக்கும். தண்ணீர் இல்லாமல் அண்டாவில் கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.)

கொடைக் கறிக்கு இன்னொரு எதிரி இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று பெயர். இதன் வித்தும் கொதியில் சாகாது. கொதித்ததில் குழம்பிலிருந்த காற்று வெளியேறிவிடும், காற்றில்லாத இடம்தான் இதற்குப் பிடிக்கும். பெரிய அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்த வெதுவெதுப்பில் இது மிக வேகமாகப் பெருகும். ராத்திரி வெட்டிச் சமைத்த கிடாக்கறியை மூடி வைத்து மறுநாள் மதியம் பரிமாறினால் என்ன ஆகும் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அண்டாவிலேயே ஆறவிடாமல் அகலமான தட்டங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கும் சொதிக்கும் இதே கவனம் வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் இறக்கிய சூட்டோடு பரிமாறி முடித்துவிடுவதே நல்லது.

மீன் தனிக்கதை. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அதிலுள்ள பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி வந்தால் நமக்கு மீன் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடுகிறோம். மீன் கெட்டிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மயோனைஸ் விஷயத்தில் அரசே நேரடியாகத் தலையிட்டது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள். சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி மாநில உணவு பாதுகாப்பு ஆணையர் ஓர் உணவை ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஓராண்டு வரை தடை செய்யலாம். முட்டை வேகாததால் அதில் சால்மொனெல்லா உயிரோடு இருக்கலாம், ஷவர்மா கடையில் அந்த டப்பா நாள் முழுக்க வெளியில் இருக்கும். அப்படிப்பட்ட பொருளுக்கு இந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். தடைக் காலம் எப்படியிருந்தாலும், முட்டை கலந்த மயோனைஸ் குளிர்பெட்டிக்கு வெளியே இருப்பதைப் பார்த்தால் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, உடம்பு கெட்டுவிட்டது. முதலில் வைத்தியம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் என்றால் வீட்டில் காத்திருக்கவே வேண்டாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, கண் சொருகுவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உணவால் வந்த பாதிப்பாக இருக்கலாம் என்ற அந்த ஒரு வரி பின்னால் மிகவும் உதவும்.

கடைசியாகச் சாப்பிட்ட கடைதான் குற்றவாளி என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்டேபிலோகாக்கஸ் நஞ்சு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியாகக் காட்டிவிடும். சால்மொனெல்லாவுக்கு ஆறு மணி நேரமும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அதனால் மூன்று நாள் சாப்பாட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள்: எங்கே, என்ன, எத்தனை மணிக்கு, கூட யார் சாப்பிட்டார்கள், அவர்களில் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை. பாவம், ஒன்றும் அறியாத கடைக்காரர் மேல் பழி விழாமல் இருக்கவும் இந்தத் தாள்தான் வேண்டும்.

புகாரை உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். கடைப் பெயர், இடம், தேதி, பில் படம், டாக்டர் சீட்டு, உணவின் படம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். அகில இந்திய அளவில் 1800 112 100 என்ற இலவச எண்ணும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் துறைக்கு ஒரு நியமன அலுவலரும், அவருக்குக் கீழே உணவு பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். குற்றாலத்தில் சீசனுக்குப் போன இடத்தில் சாப்பிட்டு வந்தது என்றால் புகார் தென்காசி மாவட்டத்துக்குப் போக வேண்டும். 2019-லிருந்து அது தனி மாவட்டம். திருச்செந்தூர் என்றால் தூத்துக்குடி. நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பதை விட, கடை எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நாள் கடந்தால் அந்த உணவு கடையில் இருக்காது, பாத்திரமும் கழுவியாகிவிடும். மிச்சம் இருந்தால் சுத்தமான டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள், அலுவலருக்கு அது துப்புக் கொடுக்கும். ஆனால் வழக்கில் நிற்பது அவர் கடைக்குப் போய் முறைப்படி எடுக்கும் மாதிரிதான். நம்ம பக்கத்துக்கு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. மாதிரி வந்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். அதை ஏற்காத கடைக்காரர் மேல்முறையீடு செய்யலாம், அது அவருடைய உரிமை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று 40-ஆம் பிரிவு. வாங்குகிறவரே கட்டணம் கட்டி ஒரு பொருளைப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சட்டத்துக்குப் பொருந்தாத பொருள் என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

நஷ்ட ஈடு 65-ஆம் பிரிவில் இருக்கிறது. உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய். கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். உயிரிழப்பு என்றால் முப்பது நாளுக்குள் குடும்பத்துக்கு இடைக்கால உதவி தர வேண்டும். தண்டனை தனி. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை, ஆயுள் வரையும் போகலாம். சுகாதாரமில்லாமல் சமைத்ததற்கு மட்டுமே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராத வழக்குகளைத் தமிழ்நாட்டில் விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கும் புகாரிலேயே "65-ஆம் பிரிவின்படி நஷ்ட ஈடு கோருகிறேன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஆஸ்பத்திரிச் செலவு ரசீதுகளின் நகலையும் இணையுங்கள்.

குற்றம் நடந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். ஆணையர் காரணத்தைப் பதிவு செய்து அனுமதித்தால் மூன்றாண்டு வரை நீளும். இது தவிர மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே இரண்டாண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.