மொட்டைத் தலையில் தெரிந்தது

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடியிறக்கிய பத்தாம் நாள் வந்தார். பிறை நகரில் லாரி ஓட்டுபவர், வயது முப்பத்தைந்து இருக்கும். தலை முழுக்க மஞ்சள் பொருக்கு. புருவமும் மூக்கோர மடிப்புகளும் சிவந்து செதில் செதிலாய் உரிந்துகொண்டிருந்தன.

"பொடுகுதானே டாக்டர்? மொட்டை போட்டா போயிரும்னு பாட்டி சொன்னாங்க." பையிலிருந்து மூன்று கிரீம் டியூபுகளை எடுத்து வைத்தார். மூன்றும் ஸ்டீராய்டு.

பொடுகு யாருக்கும் வரும். இப்படி முகமெல்லாம் பரவி, மருந்துக்கும் அடங்காவிட்டால், "அக்கி வந்திருக்கா?" என்று கேட்பேன். போன வருடம் வந்ததாம். காவிக்கல் உரசிப் பூசினார்களாம். விலாவில் தழும்பு அப்படியே இருந்தது. இந்த வயதில் இரண்டும் சேர்ந்தால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு எழுதிவிடுவேன்.

முன்பெல்லாம் தயங்குவேன். பயிற்சிக் காலத்தில் ஒருவரை, குடும்பஸ்தர், கோயில் காரியமெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்பவர் என்பதால் கேட்காமல் அனுப்பினேன். எட்டு மாதத்தில் நிமோனியாவோடு திரும்பி வந்தார்.

எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களை. ரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு 500க்கு மேல் இருக்கவேண்டிய அவை 200க்குக் கீழே இறங்கினால், கைகால்களில் தீராத அரிப்போடு சிறு பருக்கள் கிளம்பும். பலரும் கொசுக்கடி என்றே நினைப்பார்கள். 100க்கும் கீழே போனால் தென்கிழக்காசியப் பக்கம் தலரோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோய்க்குப் பயப்பட வேண்டும். முகத்தில் நடுவே குழி விழுந்த பருக்கள், பார்த்தால் பாலுண்ணி மாதிரியே. கூடவே காய்ச்சல், உடல் மெலிவு. பாலுண்ணி என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார நிலையத்தில் பெயர் சொல்லாமலே எச்.ஐ.வி. பரிசோதித்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி.க்கான முதல்கட்ட மாத்திரைகள் 2006 முதல் மலேசியக் குடிமக்களுக்கு இலவசம்.

லாரிக்காரருக்கு சிடி4 140. மாத்திரை தொடங்கிய ஐந்தாம் வாரம், "மூஞ்சி இன்னும் மோசமாயிருச்சு, ஒத்துக்கல, நிறுத்திட்டேன்" என்று போன் செய்தார். அதட்டித் திரும்பப் போட வைத்தேன். உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது தோல் கொஞ்ச நாள் இப்படிக் கொதிக்கும். ஆனால் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்றால் அது வேறு கதை, மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இந்த வருடம் தலை நிறைய முடியோடு வந்தார், முகம் தெளிந்திருந்தது. அலகு குத்தலாமா என்றார். அந்த ஊசி வேறு யார் கைக்கும் போகக்கூடாதே என்றேன்.

"அப்ப பால்குடமே எடுத்துக்கறேன் டாக்டர்."