ஆர்கேடில் பார்த்த அதே கேமா இது?

1982இல் அமெரிக்காவில் ‘பேக்-மேன்’ வீடியோ கேம் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு, பேய்களிடமிருந்து தப்பியபடி புள்ளிகளைத் தின்னும் அந்த மஞ்சள் வட்டத்தை ஆட்டிவைக்க ஆர்கேடுக்கு, அதாவது காசு போட்டு கேம் ஆடும் கடைக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கால் டாலர் காசைப் பெட்டிக்குள் போட வேண்டும். இப்போது டிவியில் இணைத்து ஆடும் அட்டாரி 2600 கன்சோல் இருந்தால் போதும். கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜை வாங்கிச் செருகிவிட்டு விடிய விடிய ஆடலாம். செருகியவர்களுக்கு முகம் சுருங்கியது. கறுப்புப் பின்னணியில் நீலக் கோடுகளாக இருந்த பாதைகள், நீலப் பின்னணியில் பழுப்பு மஞ்சள் சுவர்களாக மாறியிருந்தன. வட்டப் புள்ளிகளைக் காணோம், பதிலுக்குச் சின்னச் சின்னக் கோடுகள். நான்கு நிறத்தில் துரத்திய பேய்களோ, உயிர் போகிற டியூப்லைட் மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன.

கேம் பல லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் “ஆர்கேடில் பார்த்த அதே கேமா இது?” என்ற கேள்வி அன்றிலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் கன்சோல்களை விடாமல் துரத்தியது. இன்று அந்தக் கேள்வியே தலைகீழாகிவிட்டது. புதிதாக வந்த ஆர்கேட் பெட்டியைப் பார்த்து, “என் வீட்டு மெஷினில் இதைவிட நன்றாகத் தெரியுமே” என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். இந்தத் திருப்பம் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்தப் பேய்கள் ஏன் மினுக்கின என்று பார்க்கலாம்.

அட்டாரி 2600-இல் இருந்த ராம், அதாவது தற்காலிக நினைவகம், 128 பைட். கிலோபைட் அல்ல, பைட். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ் யூனிகோடில் சேமிக்கவே அது போதாது. அதன் திரையை 160 புள்ளி அகலம், 192 வரி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘எரிகிறதா, அணைந்திருக்கிறதா’ என்ற ஒரே ஒரு தகவலைக் குறித்துவைப்பதற்கே 3,840 பைட் வேண்டும். இருப்பதைப்போல் முப்பது மடங்கு! ஆக, திரையில் வரப்போகும் படத்தை முழுதாக எழுதிவைத்துக்கொள்ள அந்த மெஷினுக்கு இடமே கிடையாது.

பிறகு எப்படி வரைந்தது? டிவி குழாயில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி ஓடும், அப்புறம் அடுத்த வரி. அது ஓட ஓட, அதற்கு ஒரு அடி முன்னால் புரோகிராமும் ஓட வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் பிராசஸருக்குக் கிடைப்பது 76 துடிப்பு. மிக எளிய கட்டளைக்கே இரண்டு துடிப்பு தேவை. அதற்குள் இந்த வரியில் சுவர் எங்கே, பேய் எங்கே என்று முடிவு செய்து வீடியோ சிப்பிடம் சொல்லியாக வேண்டும். அந்தச் சிப்புக்குத் தெரிந்த ‘ஆட்டக்காரர்’ உருவங்களும் இரண்டே இரண்டு. பேக்-மேனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் நான்கு பேய்களுக்கும் சேர்த்து மிச்சம் ஒன்றுதான். அதனால் பேய்கள் முறைவைத்துக்கொண்டன. நொடிக்கு 60 படம் என்றால், ஒவ்வொரு பேயும் நான்கு படத்துக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 15 முறைதான் தலைகாட்டியது. அதுதான் மினுக்கல்.

இந்தப் பக்கம், பேக்-மேனை உருவாக்கிய நாம்கோ நிறுவனத்தின் ஆர்கேட் பலகையில் (பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை) பேய் வரைவது பிராசஸரின் தலைவலியே அல்ல. பின்னணிக் கட்டங்களுக்குத் தனி நினைவகம். நகரும் உருவங்களுக்கு, அதாவது ஸ்பிரைட்டுகளுக்கு, எட்டுத் தனி இடங்கள். “மூன்றாம் பேயை இங்கே வை” என்று எண்ணைக் கொடுத்தால் மீதியைச் சுற்றுகள் பார்த்துக்கொண்டன. அட்டாரி புரோகிராமரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அடுத்த வருடம் அதே கன்சோலுக்கு வந்த ‘மிஸ் பேக்-மேன்’ எவ்வளவோ தேவலாம். அதன் கார்ட்ரிட்ஜில் 8 கிலோபைட் இருந்தது. முதல் பேக்-மேனுக்குக் கிடைத்தது வெறும் 4. சிப் மாறவில்லை, செலவு செய்ய மனசு வந்தது, அவ்வளவுதான்.

பணம்தான் இதில் பாதிக் கதை. கன்சோலை ஒரு குடும்பம் சில நூறு டாலருக்குள் வாங்க வேண்டும். அதில் எல்லா வகை கேமும் ஓட வேண்டும். ஆர்கேட் பெட்டி பெரும்பாலும் ஒரே ஒரு கேமை ஓட்டுவதற்குத்தான். பல ஆயிரம் டாலர் ஆனாலும் கடைக்காரர் வாங்குவார், ஏனென்றால் காலையிலிருந்து இரவுவரை அதில் காசு விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பையன் போடும் கால் டாலர் அற்பம்தான். ஆனால் ஊரிலுள்ள பையன்கள் எல்லாரும் சேர்ந்து, தங்களில் யாராலும் தனியாக வாங்க முடியாத ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கேடில் படம் ஜொலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இப்படித்தான் வந்தது, நியாயமாகவும் இருந்தது.

இதைக் கிட்டத்தட்ட பரிசோதனைபோலச் செய்துகாட்டியது எஸ்என்கே நிறுவனம். 1990இல் வந்த அதன் ‘நியோ ஜியோ’வில் ஆர்கேட் மெஷினும் வீட்டு மெஷினும் உள்ளுக்குள் ஒன்றே. படம் துளிகூடக் குறையவில்லை. அமெரிக்காவில் அதன் பெரிய தொகுப்பின் விலை 650 டாலர்; ஒரு கேம் சுமார் 200 டாலர். வாங்கியவர்கள் சொற்பம்.

படம் மங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை நிறைய பேர் கவனிப்பதில்லை: வயர். ஆர்கேட் மானிட்டருக்கு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் நேராகக் குழாய்க்குப் போகும். வீட்டிலோ மூன்றையும் கலந்து ஒரே சிக்னலாக்கி, அதை டிவி நிலையத்தின் அலைபோல வேஷம் போட்டு ஆன்டெனா துளைக்குள் அனுப்ப வேண்டும். டிவி மறுபடி அதைப் பிரிக்கும். இதில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறுகல் என்பதால் ஓரங்களில் நிறம் கசியும், சிவப்பு வழியும். 90களில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டிவி கேம்’ ஆடியவர்களுக்கு இது தெரியும்: ஆன்டெனா வயரைப் பிடுங்கி, சேனலைத் திருகித் திருகி, கோடு கோடாக ஓடும் படத்தை நிறுத்திய வேலை. (கார்ட்ரிட்ஜை நாம் ‘கேசட்’ என்றுதான் சொன்னோம்.) அந்த மெஷின்கள் பெரும்பாலும் ஜப்பானின் ஃபேமிகாம் கன்சோலின் நகல்கள். ஒரு வரியில் எட்டு ஸ்பிரைட்டுக்கு மேல் வந்தால் அதனால் காட்ட முடியாது. ‘காண்ட்ரா’வில் எதிரிகளும் குண்டுகளும் ஒரே மட்டத்தில் குவியும்போது உருவங்கள் மறைந்து மறைந்து தோன்றியது அதனால்தான். அந்த காண்ட்ராவும் முதலில் ஆர்கேடில் வந்ததுதான். ஃபேமிகாம் வடிவமே ஆடுவதற்கு மேல் என்பது என் கட்சி.

1986இல் செகா நிறுவனத்தின் ‘அவுட் ரன்’ கார் கேம் ஆர்கேடுக்கு வந்தபோது இடைவெளி இன்னும் அகலமானது. சிவப்பு கார், கடற்கரைச் சாலை, இருபுறமும் பனைமரங்கள் நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். முப்பரிமாணம்போல் தெரிந்தாலும் உண்மையில் அத்தனையும் தட்டைப் படங்கள். பனைமரத்தின் பெரிய படம் ஒன்று நினைவகத்தில் இருக்கும். மரம் தொலைவில் இருந்தால், சுற்று அந்தப் படத்திலிருந்து புள்ளிகளை விட்டுவிட்டு எடுத்துச் சின்னதாக வரையும், நெருங்க நெருங்கக் குறைவாக விடும், கடைசியில் முழுப்படம். இந்த உருவங்களை இடைவிடாமல் அளவு மாற்றி அடுக்குவதற்கென்றே தனிச் சுற்றுகள், கணக்குப் போட ‘68000’ என்ற வகைப் பிராசஸர்கள் இரண்டு. செகாவின் சொந்தக் கன்சோலான மெகா டிரைவில் இந்த வசதி இல்லை. 1991இல் அதற்கு வந்த அவுட் ரன்னில் ஒவ்வொரு மரத்தையும் சில அளவுகளில் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார்கள். மரம் வளரவில்லை, தாவியது.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ சண்டை கேமின் கதையும் இதே ரகம்தான், என்றாலும் அதில் தையல்காரரின் சாமர்த்தியம் தெரியும். ஆர்கேடில் திரை அகலம் 384 புள்ளி, படங்களுக்கு மட்டும் 6 மெகாபைட். 1992இல் வந்த சூப்பர் நின்டென்டோ கன்சோல் வடிவத்தில் 256 புள்ளி. மொத்தக் கார்ட்ரிட்ஜே 2 மெகாபைட். துணி மூன்றில் ஒரு பங்கு, சட்டை மட்டும் அதே அளவில் வேண்டும். வீரர்களைக் கொஞ்சம் சுருக்கி, அசைவுகளில் சில படங்களைக் குறைத்து, குரல்களை வெட்டிச் சமாளித்தார்கள். ஆடியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் பாலிகன் காலம், அதாவது பலகோணத் தகடுகளை ஒட்டி முப்பரிமாண உருவங்கள் செய்யும் காலம். 1993-94இல் வந்த செகாவின் ‘டேடோனா யுஎஸ்ஏ’ கார் பந்தய கேம் ஓடிய ‘மாடல் 2’ பலகையில் விமானப் பயிற்சி சிமுலேட்டர் செய்த அமெரிக்க நிறுவனத்தின் தொழில்நுட்பம் இருந்தது. முந்தைய பலகையில் வெறும் வண்ணத் தகடுகளாக இருந்த உருவங்கள்மேல், சுவரில் போஸ்டர் ஒட்டுவதுபோலப் படங்களை ஒட்ட முடிந்தது. அதுவும் நொடிக்கு 60 முறை. 1995இல் அது செகா சாட்டர்ன் கன்சோலுக்கு வந்தபோது நொடிக்கு 20 படம். தொலைவில் மலையைக் காணோம், கிட்டப் போனதும் ‘டப்’பென்று முளைத்தது. இந்த 60-க்கும் 20-க்கும் என்ன வித்தியாசம்? மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் நொடிக்கு சுமார் 55 மீட்டர் போகும். 60 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. 20 படம் என்றால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். வளைவு எங்கே தொடங்குகிறது என்பதையே கண் மூன்று மீட்டர் தாமதமாகத்தான் பார்க்கிறது. அழகு குறைவதோடு பிரச்சினை நின்றுவிடவில்லை, கையும் தடுமாறியது.

ஆனால் அதே நேரத்தில் அடித்தளம் நழுவத் தொடங்கியிருந்தது. 1994இல் ‘டெக்கன்’ சண்டை கேம் ஆர்கேடுக்கு வந்தபோது அதன் பலகையை நாம்கோ செய்தது சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோலின் பாகங்களை வைத்து. வீட்டுச் சிப் முதலில், ஆர்கேட் அதன் உறவுக்காரர்! 1998இல் செகாவும் அதே வழிக்கு வந்தது. ‘நவோமி’ பலகையும் ‘டிரீம்காஸ்ட்’ கன்சோலும் ஒரே பிராசஸர், ஒரே கிராஃபிக்ஸ் சிப். நவோமியில் நினைவகம் இரட்டிப்பு என்பதுதான் முக்கிய வேறுபாடு.

முடிச்சு அவிழ்ந்தது 1999இல். ‘சோல்காலிபர்’ வாள்சண்டை கேம் முந்தைய வருடம்தான் ஆர்கேடில் வந்திருந்தது, பிளேஸ்டேஷன் வழிவந்த பலகையில். அதை டிரீம்காஸ்டுக்கு மாற்றியபோது முகங்கள், உடைகள், மேடைகள் எல்லாம் ஆர்கேடைவிடத் தெளிவாக வந்தன. “அதே கேமா இது?” என்று மறுபடி கேட்டார்கள், இந்த முறை வாயைப் பிளந்து.

ஏன் ஆர்கேட் மறுபடி முந்தவில்லை? ஒரு நவீன கிராஃபிக்ஸ் சிப்பை வடிவமைக்க ஆகும் செலவு அப்படி. அதைக் கோடிக்கணக்கான சிப்புகள்மேல் பரப்பினால்தான் கட்டுப்படியாகும். வீட்டுக் கன்சோலும் கணினியும் கோடிக்கணக்கில் விற்கும். ஆர்கேட் பெட்டி எங்கே விற்கும்? எனவே பலகைகள் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகியவற்றின் உடன்பிறப்புகளாகவும், பிறகு சாதாரண கணினிகளாகவும் ஆயின. பல வருடம் ஓட்டவேண்டிய பெட்டியை யாரும் வருடாவருடம் மாற்றுவதில்லை. வீட்டிலோ புது கிராஃபிக்ஸ் கார்டு வந்துகொண்டே இருக்கிறது. இந்த நிலையில் ஆர்கேடில் போய் உலகத்தின் சிறந்த கிராஃபிக்ஸைத் தேடுவது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வீட்டு ரசத்தின் பக்குவம் கேட்பதுபோல. பந்தியின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. 2018இல் வந்த ‘ஹேலோ: ஃபயர்டீம் ரேவன்’ பெட்டியில் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பொருத்திவைத்த துப்பாக்கிகளைப் பிடித்துக்கொண்டு 130 அங்குலத் திரையைச் சுடுகிறார்கள். முடியிழையின் நிழல் சரியாக விழுகிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

செகாவும் நின்டென்டோவும் சேர்ந்து 2003இல் செய்த ‘எஃப்-ஸீரோ’ பந்தயம் ஒன்று இருக்கிறது. ஆர்கேடுக்கு ஏஎக்ஸ், கேம்கியூபுக்கு ஜிஎக்ஸ் என்று இரண்டு வடிவம். ஆர்கேட் பெட்டியில் வீட்டு மெமரி கார்டைச் செருகும் துளைகூட வைத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2013இல், ஜிஎக்ஸ் கேம் அடங்கிய தட்டை (டிஸ்க்) குடைந்து பார்த்தவர்கள் கண்டுபிடித்தது: ஆர்கேட் கேம் அந்த வீட்டுத் தட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு ஏமாற்றுக் குறியீட்டை (சீட் கோட்) போட்டால் ஓடியது. ஸ்டீயரிங்கும் இருக்கையும்தான் தட்டில் இல்லை.