புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா? ஊட்டிக் குளிரில் ஒரு மீன் தொட்டி

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது தொளதொளவென்று இருக்கும் சிப்ஸ் பாக்கெட், குன்னூர் தாண்டுவதற்குள் பலூன்போல உப்பிவிடும். மலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய வேடிக்கை. மீன் பையும் அப்படித்தான் உப்பும் என்பது, கோவையில் ஆறு மாலியும் நான்கு நியான் டெட்ராவும் வாங்கிக்கொண்டு வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மடியில் இருந்த பாலிதீன் பை பர்லியார் வளைவுகளிலேயே விறைக்கத் தொடங்கி, ஊட்டியில் இறங்கும்போது விரலால் தட்டினால் 'டம் டம்' என்றது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பை வெடித்துவிடுமோ என்றுதான் வழியெல்லாம் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டிய விஷயம் வேறாக இருந்தது. கோவையில் 28 டிகிரித் தண்ணீரில் நீந்திய மீன்களை, டிசம்பர் மாதத்தில், காலையில் 17 டிகிரி காட்டும் தொட்டிக்குள் விட்டேன். ஹீட்டர் கிடையாது.

ஆறாம் நாள் ஒரு மாலி கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்தது. துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றது. மறுநாள் வாலில் ஒரு வெள்ளைப் பொட்டு. இரண்டே நாளில் எல்லா மாலிகளின் மேலும் ரவை தூவியதுபோல ஆகிவிட்டது.

வெள்ளைப்புள்ளி நோய் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மருந்து பாட்டிலில் எழுதியிருந்தபடி மூன்று நாள் சொட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. வீட்டில் எல்லோரிடமும் பெருமை பேசினேன். இரண்டு வாரம் கழித்துப் புள்ளிகள் திரும்பி வந்தன, முன்னைவிட மூன்று மடங்காக. கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"புள்ளி போச்சுன்னு மருந்த நிறுத்திட்டீங்களாக்கும்?" என்றார். "அது சரிங்க, தண்ணி எத்தனை டிகிரிங்க இருக்கு?"

அந்தக் கேள்விக்குள்தான் எல்லாம் இருந்தது. நான்தான் அதைப் புரிந்துகொள்ள இன்னும் நான்கு மீன்களைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

சோலைக்குள் நடந்தவர்களுக்கு அட்டையைத் தெரியும். காலில் ஏறும், வயிறு முட்டக் குடிக்கும், பிறகு தானே உதிர்ந்து விழும். அட்டை விழுந்துவிட்டதால் காட்டில் அட்டை ஒழிந்தது என்று யாரும் நினைப்பதில்லை. வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இக்தியோஃப்திரியஸ் என்பது அதன் பெயர். 'மீன் பேன்' என்று பொருள் வருகிற கிரேக்கச் சொல் அது. ஆனால் இது பேன் இல்லை, ஒற்றைச் செல் உயிரி. முழுதாக வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை வரும். ஒரு செல்லுக்கு இது ராட்சத அளவு, அதனால்தான் வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

அட்டைக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அட்டை தோலுக்கு மேலே உட்காரும், உப்பைத் தொட்டு வைத்தால் சுருண்டு விழும். இதுவோ மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்துகொள்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பொட்டு, ஒட்டுண்ணியும் அதை மூடி வளர்ந்த மீனின் தோலும் சேர்ந்தது. அந்தக் கூரைக்கு அடியில் இருக்கும்வரை தண்ணீரில் ஊற்றும் எந்த மருந்தும் அதைத் தொடாது.

தின்று கொழுத்ததும் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நூறு முதல் ஆயிரம் குஞ்சு செல்கள்வரை உண்டாகும். உறை கிழிந்ததும் அவை வெளியே நீந்தி, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் சாவுதான். குளிர் நீரில் இந்த அவகாசம் இன்னும் சில நாள் நீளும். இப்படி நீந்தித் திரிகிற கொஞ்ச நேரம்தான் மருந்து வேலை செய்யும் நேரம்.

ஆகவே ஐந்தாம் நாள் என் மீன்கள் பளிச்சென்று இருந்ததற்கு மருந்து காரணமில்லை. புள்ளிகள் பழுத்து உதிர்ந்திருந்தன. நான் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, அவை கூழாங்கல் இடுக்கில் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தன.

இந்தச் சுற்று முழுவதும் எத்தனை நாள் எடுக்கும் என்பதைத் தண்ணீரின் வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரியில் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும். 10 டிகிரி என்றால் ஐந்து வாரம்வரை இழுக்கும். பாட்டிலில் இருந்த மூன்று நாள் கணக்கு சமவெளியின் வெதுவெதுப்புக்கு எழுதியது. ஊட்டித் தண்ணீரில் மூன்றாம் நாள் பாதி ஒட்டுண்ணிகள் இன்னும் கூரைக்கு அடியில்தான் இருந்திருக்கும். இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது: கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து, தண்ணீர் 28 டிகிரியாக இருந்தால் இன்னொரு வாரம் மருந்து, 17 டிகிரியாக இருந்தால் மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் மருந்து விடுவதற்கு முன் கால் பங்கு தண்ணீரை மாற்றி, அடியில் உள்ள கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். உறைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ஃபில்டரில் கரித்தூள் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது மருந்தைக் குடித்துவிடும்.

வேறொரு வழி, தண்ணீரைச் சூடாக்குவது. ஒட்டுண்ணியின் ஓட்டத்தை வேகப்படுத்தினால் அது சீக்கிரம் வெளியே வரும். 30 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலும் பெருகவே முடியாமல் போகும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் வைத்தியம்தான். மலையில் இதைச் செய்யும்போது புத்தகம் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த சிப்ஸ் பாக்கெட்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரையும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: வெப்பநிலை, காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். ஊட்டியின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். எனவே இங்கே அதே 30 டிகிரியில் 5.7 மில்லிகிராமுக்கு மேல் நிற்காது. 17 டிகிரியில் இருந்தபோது 7.3 மில்லிகிராம் கிடைத்துக்கொண்டிருந்தது. சூடேற்றும்போது மீனின் மூச்சுத் தேவையும் கூடுகிறது. ஒட்டுண்ணி செவுளிலும் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைப்புள்ளி மருந்துகள் பலவற்றில் ஃபார்மலின் கலந்திருக்கும், அதுவும் தன் பங்குக்கு ஆக்சிஜனைக் குறைக்கும். நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால், நோயால் சாகாத மீன் வைத்தியத்தால் செத்துப்போகும். மேற்பரப்பில் வந்து வாய் பிளந்து நிற்கும் மீனைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று இன்னும் நாலு சொட்டு விடுகிறவர்கள் உண்டு. நானே செய்திருக்கிறேன்.

ஆகவே கொடைக்கானலிலோ ஊட்டியிலோ ஹீட்டரைக் கூட்டுவதற்கு முன் ஏர் பம்பைக் கூட்டுங்கள். இரண்டு காற்றுக் கல் போட்டாலும் தப்பில்லை. நாளுக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர் போதும் என்பார்கள். குளிர்கால இரவில் இங்கே அது காணாது, இரண்டு வாட் வேண்டும். தொட்டிக்குப் பின்னாலும் அடியிலும் தெர்மாகோல் பலகை வைத்தால் மின்சார பில் கொஞ்சம் இறங்கும். காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போகிற இரவுகளுக்கு ஒரு பழைய கம்பளியையும் எடுத்து வையுங்கள்.

தங்கமீனுக்கு இந்தச் சூட்டு வைத்தியம் வேண்டாம். அது குளிர்நீர் மீன், 18 முதல் 22 டிகிரியில் சந்தோஷமாக இருக்கும். அதற்கு உப்பே போதும்.

உப்பு என்றதும் பாட்டி வைத்தியம் என்று நினைக்கிறார்கள். அதன் பின்னால் இருக்கும் அறிவியல் அழகானது. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஒன்பது கிராம் அளவில் உப்புகள் இருக்கின்றன, சுற்றியுள்ள தண்ணீரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் சவ்வூடுபரவல் காரணமாகத் தண்ணீர் இடைவிடாமல் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை இறைத்து இறைத்து வெளியே தள்ளும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் மொள்ளுகிற பிழைப்பு. தோலிலும் செவுளிலும் நூறு புண் விழுந்தால் ஓட்டைகள் கூடுகின்றன, மொள்ளுகிற கை சளைத்துவிடுகிறது. தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பைக் கரைத்தால் உள்ளே ஏறும் வேகம் குறைகிறது, மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. பத்து லிட்டருக்கு 20 கிராம் கல் உப்பை ஒரு குவளையில் கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். செடிகள் வாடும், கெளுத்தி வகைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் நோயாளியைத் தனி பக்கெட்டுக்கு மாற்றுவது நல்லது.

வாயிலோ முதுகிலோ பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஏதாவது வந்தால்தான் உண்மையான குழப்பம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நோய்கள் இவை, வைத்தியம் எதிரெதிர். ஒன்று பூஞ்சை மாதிரியான சாப்ரோலெக்னியா. குளிரை விரும்பும். அடிபட்ட இடத்தில்தான் முளைக்கும். இழைகள் நீளமாகப் பஞ்சு பிரிந்ததுபோல் தண்ணீரில் ஆடும். மற்றது காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். பெரும்பாலும் உதட்டில் ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் முதுகில் சேணம் போட்டதுபோல் சாம்பல் நிறத் திட்டாக வரும். பஞ்சைவிட ஈரக் காகிதம்போல் ஒட்டிக்கிடக்கும். இதற்கு வெதுவெதுப்பு பிடிக்கும், 25 டிகிரிக்கு மேல் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். வெள்ளைப்புள்ளிக்குச் சூடேற்றிப் பழகிய கை இதற்கும் ஹீட்டரைத் திருகினால் கதை முடிந்தது. இங்கே குளிர் நமக்குத் துணை. சூட்டைக் குறைத்துக்கொண்டு, நோயுற்ற மீனைப் பிரித்து, மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் கேளுங்கள். மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் வாங்கி மாத்திரையை உடைத்துக் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். எதற்கென்று தெரியாமல், எவ்வளவென்று தெரியாமல் போடுகிற அந்தப் பொடி ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, மருந்துக்கு மசியாத கெட்டதை மிச்சம் வைக்கும்.

அந்த நல்ல பாக்டீரியாதான் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்குகிறது. குளிரில் அதுவும் மந்தமாகத்தான் வளரும். சமவெளியில் புதுத் தொட்டி தயாராக நான்கிலிருந்து ஆறு வாரம் என்றால் இங்கே இன்னும் பொறுக்க வேண்டும். நீலகிரித் தண்ணீர் மென்னீர் என்பது இன்னொரு தொல்லை. அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் அதில் குறைவு. நாளடைவில் பிஎச் சரிந்து, ஆறுக்குக் கீழே போனால் அந்த பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். ஃபில்டருக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டு வைத்தால் சரியாகும். தகரக் கூரையில் விழுந்த மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: துத்தநாகப் பூச்சு அந்த நீரில் கொஞ்சம் கரைந்து வரும், மென்னீரில் அது மீனின் செவுளைக் கெடுக்கும். இப்படிச் சாகிற மீனுக்கு எந்தப் புள்ளியும் இருக்காது. மாலி கடின நீர் மீன், நியான் டெட்ரா மென்னீர் மீன், இரண்டையும் ஒரே தொட்டியில் விட்ட என் புத்திசாலித்தனத்தை இந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. வயிறு வீங்கிச் செதில்கள் பைன் காய்போல் விரிந்து நின்றால், சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று பொருள், பிழைப்பது அரிது. தங்கமீன் தலைகீழாக மிதந்தால் இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு வேகவைத்துத் தோலுரித்த ஊட்டிப் பட்டாணி ஒன்றை நசுக்கிக் கொடுங்கள், பாதி நேரம் மலச்சிக்கல்தான். கையில் கீறல் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி, காசநோய்க் கிருமியின் உறவுக்காரன், அந்த வழியாக விரலில் ஆறாத கட்டியை உண்டாக்கும். அது 30 டிகிரிப் பக்கம்தான் நன்றாக வளரும். நம் உள்ளுடம்பு அதற்குச் சூடு அதிகம், அதனால் பெரும்பாலும் கையோடு நின்றுவிடும்.

இப்போது என் தொட்டியில் நான்கு தங்கமீன்கள் மட்டும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும், நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பழைய டைரியும். போன மார்ச்சில், வெயில் கொஞ்சம் ஏறிய ஒரு காலையில், பெரிய மீனின் முகத்தில் வெள்ளைப் புள்ளிகள். பகீரென்றது. மருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிவிட்டேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். புள்ளிகள் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும், வரிசையாக, கோலப் புள்ளிபோல் ஒரே அளவில் இருந்தன. வாலில் இல்லை, வயிற்றில் இல்லை. மீன் உடம்பைத் தேய்க்கவுமில்லை, இன்னொன்றை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்கு வருகிற புள்ளிகள் அவை. பாட்டிலை மூடி வைத்துவிட்டு, டைரியில் தேதி போட்டு எழுதினேன்: 19 டிகிரி, ஆண்.