வாக்கி-டாக்கி பேசினால் வெப்பமானி ஏன் பொய் சொல்கிறது?

"ஒரு வாக்கி-டாக்கியால் அணு உலையையே நிறுத்திவிட முடியும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான். வாக்கி-டாக்கி உலையைத் தொடுவதில்லை; அளவுக் கருவியைக் குழப்புகிறது. தவறான அளவை நம்பிப் பாதுகாப்பு அமைப்பு உலையை நிறுத்திவிடுகிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1983-லேயே இதைப் பற்றி மின்நிலையங்களை எச்சரித்தது.

மாறும் மின்காந்தப் புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது பள்ளிப் பாடம். 450 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவின் அலைநீளம் சுமார் 67 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 17 செ.மீ. ஒயர் இருந்தால் போதும், நல்ல ஆன்டெனா. கட்டுப்பாட்டுப் பேனலுக்குள் அப்படிப்பட்ட ஒயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, அலை உள்ளே வந்துவிட்டது. ஆனால் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் சிக்னல் மெதுவாக மாறுவது. நொடிக்கு 45 கோடி முறை துடிக்கும் அலையை அதன் ஆம்ப்ளிஃபையரால் பெருக்கவே முடியாது. போதாததற்கு, வேகமான துடிப்பை நீக்க அடுத்தே ஒரு ஃபில்டரும் உண்டு. மேலும் கீழும் சமமாகத் துடிக்கும் அலைக்குச் சராசரி பூஜ்யம். பிறகு எப்படித் தவறு வருகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆம்ப்ளிஃபையரின் வாசலில் இருக்கும் டிரான்சிஸ்டர் சந்தி நேர்கோட்டில் நடப்பதில்லை. மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் மின்னோட்டம் நிறைய கூடுகிறது. அதே அளவு இறங்கினால் அவ்வளவு குறைவதில்லை. ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு சிறு மிச்சம் தங்குகிறது. துடிப்பு போய், மிச்சம் மட்டும் நிலையான மின்னழுத்தமாக நிற்கிறது. ஃபில்டருக்கு வேகமானதை மட்டுமே தடுக்கத் தெரியும். இந்த மிச்சமோ உண்மையான சிக்னலைப் போலவே மெதுவானது, அதனால் தடையில்லாமல் போய்விடுகிறது. பழைய கிரிஸ்டல் ரேடியோ, அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்ததும் இதே வழியில்தான்.

கே வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். மிச்சம் ஒரு மில்லிவோல்ட் இருந்தாலே திரையில் 24 டிகிரி கூடும், அல்லது குறையும். குறைத்துக் காட்டுவதுதான் எனக்குக் கூடுதல் கவலை. உண்மையான சூடு அதில் மறைந்துவிடலாம். பேச்சை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்புறம் வந்து சோதிப்பவருக்கு எந்தப் பழுதும் அகப்படாது.

இந்த மிச்சம் எண்ணாக மாறிவிட்டால் மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது. நான்கு தனித்தனி அளவீட்டுச் சேனல்களில் இரண்டு ஒத்துப்போனால்தான் உலையை நிறுத்துவது என்ற ஏற்பாடு, தனித்தனியே வரும் பழுதுகளுக்கு நல்ல காவல். ஆனால் அந்தச் சேனல்களின் ஒரே மாதிரி மின்சுற்று அட்டைகள் அருகருகே இருந்தால், ஒரே அலை எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்க்கலாம்.

ஆகவே முதல் டிரான்சிஸ்டரைத் தொடுவதற்கு முன்பே அலையைத் தடுக்க வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில் ஃபில்டர், கதவோரம் இடுக்கை அடைக்க மின்கடத்தும் கேஸ்கெட் பட்டை, கேபிளின் உலோக உறையைச் சுற்றிலும் பேனலோடு இறுக்குவது. பலர் உறையை முறுக்கி, 5 செ.மீ. ஒயராக்கி எர்த்தில் மாட்டிவிடுவார்கள். மல்டிமீட்டர் பூஜ்யம் ஓம் காட்டும். 450 மெகாஹெர்ட்ஸ் அலைக்கோ அந்த ஒயர் சுமார் 140 ஓம் தடை! அலைக்கு அங்கே எர்த் இல்லாத மாதிரிதான். 

மிச்ச வேலையைத் தூரம் செய்கிறது. 5 வாட் ரேடியோ ஒரு மீட்டர் தள்ளி மீட்டருக்குச் சுமார் 12 வோல்ட் மின்புலம் தரும். அமெரிக்க வழிகாட்டுதலின்படி கருவிகளை மீட்டருக்கு 10 வோல்ட் புலத்தில் சோதிக்கிறார்கள். ரேடியோவிலிருந்து வருவது 4 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டால் சுமார் 3 மீட்டர் விலகி நிற்க வேண்டும்.

ஆனால் பேனலைத் திறந்து வைத்துப் பராமரிப்பு நடக்கும்போது, கதவும் கேஸ்கெட்டும் தந்த காவல் இல்லை. ரேடியோவும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தேவைப்படுகிறது. புதுக் கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், கதவு திறந்த நிலையில் அதே இடத்தில் மின்புலத்தை அளந்து பார்க்கவும் ஒதுக்க வேண்டும்.